சிங்கப்பூரில் தமிழ்ப் படம் எடுக்க இனி யார் தயவு வேண்டும்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத்துறை படித்து முடித்த ஒரு தம்பியின் கேள்வி இது: “தொழில்நுட்பம் சினிமாவை எல்லார் கைக்கும் கொண்டுவந்துவிட்டது, இனி ஸ்டூடியோ, தொலைக்காட்சி நிலையம் எதுவும் தேவையில்லை என்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழில் படம் எடுக்க நினைக்கும் என்னைப் போன்ற ஒருவருக்கு இது எவ்வளவு தூரம் உண்மை? வசந்தம் தொலைக்காட்சியும் கோடம்பாக்கமும் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியுமா? பிளாக்செயின், ஏஐ எல்லாம் உதவுமா?”

தம்பி, படம் எடுக்க யார் தயவும் வேண்டாம். எடுத்த படத்தை ஆட்கள் கண்ணில் படவைக்கவும், அதில் நாலு காசு பார்க்கவும் இன்னும் சிலர் தயவு வேண்டும். அந்தச் சிலர் யார் என்பது மாறிவிட்டது. பல வருஷமாக இங்கே தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் படத்தொகுப்பு செய்துவருகிறேன். இந்த மாற்றம் என் மேசை வழியாகவும் நடந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய மையம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் எது உடைந்தது என்று புரியும். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்தது. 1950களில் மலாய்ப் படங்கள் அங்கே வரிசையாகத் தயாராயின. நடிகர்கள் ஒப்பந்தச் சம்பளக்காரர்கள். இயக்குநர்களில் பலர் இந்தியர்கள். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களில் ஒருவர். படம் எடுப்பதும் ஷா, மலாயா முழுக்க அதை ஓட்டும் கொட்டகைகளும் ஷாவுடையவை. போட்டிக்கு கேத்தே-கெரிஸ் என்ற ஸ்டூடியோ இருந்தது. இந்த இரண்டு வாசலில் ஒன்றுக்குள் போகாமல் சினிமாவில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 1967ல் ஜாலான் அம்பாஸ் மூடியது, 1970களின் தொடக்கத்தில் கேத்தே-கெரிஸும் நின்றது. அதற்கப்புறம் பல வருஷம் இந்த ஊரில் படத் தயாரிப்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

தமிழுக்கு அந்த மாதிரி ஒரு வாசல்கூட இங்கே இருந்ததில்லை. சென்னையிலிருந்து படப்பெட்டி வரும், நாம் பார்ப்போம். 1970களின் கடைசியில் ரஜினி, கமல் படங்களுக்காகக் கோடம்பாக்கம் இங்கே வந்து படம்பிடித்தது. ஊர் நம்முடையது, கதை அவர்களுடையது. தொலைக்காட்சியில்தான் நம் கதைகளுக்கு ஓர் இடம் கிடைத்தது. 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானபோது இங்கே தமிழ் எழுதுபவர், நடிப்பவர், ஒளிப்பதிவாளர் எல்லாருக்கும் வேலை பெருகியது உண்மை. ஆனால் வாசல் ஒன்றுதான்.

இப்போது கருவிக்கு வருவோம். 35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரதி போடக் காசு. இரண்டரை மணி நேரப் படத்தின் ஒரே ஒரு பிரதி 13,500 அடி, அதாவது நாலு கிலோமீட்டருக்கு மேல். அதை டின்களில் அடைத்து ஒவ்வொரு தியேட்டருக்கும் அனுப்ப வேண்டும். ‘இன்னொரு டேக் போகலாமா’ என்று இயக்குநர் கேட்டால் தயாரிப்பு நிர்வாகியின் முகம் மாறும். புதியவர்களை நம்பத் தயங்கியதற்குப் பெரிய காரணம் இந்தச் செலவுதான். எடுத்துப் பார்த்து, சரியில்லை என்று தூக்கிப் போட்டு, மறுபடி எடுத்துக் கற்றுக்கொள்ளும் வசதி பணக்காரர்களுக்கு மட்டுமே இருந்தது.

2008ல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. புகைப்படக்காரர்களுக்கான கேமராதான். அதில் முழு எச்டி வீடியோவும் எடுக்கலாம் என்றதும் குறும்படக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். முகம் கூர்மையாகவும் பின்னணி மங்கலாகவும் தெரியும் அந்தச் சினிமாக் காட்சியை ஒரு மாணவர் வாடகைக் கேமராவில் கொண்டுவர முடிந்தது. நிறம் சரிசெய்ய முன்பு தனி அறையும் லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள இயந்திரமும் வேண்டும். 2009ல் பிளாக்மேஜிக் நிறுவனம், அப்படிப்பட்ட இயந்திரம் செய்துவந்த டாவின்சி நிறுவனத்தை வாங்கியது. கொஞ்ச காலத்தில் அதன் ரிசால்வ் மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. இன்று அந்த இலவசப் பதிப்பிலேயே முழுப் படத்தையும் வெட்டி, நிறம் சேர்த்து, ஒலி கலந்துவிடலாம். என்னைக் கேட்டால் கேமராவைவிட இதுதான் பெரிய திருப்பம். கேமராவை எப்படியாவது ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துவிடலாம். படத்தை முடித்துக்கொடுக்கும் அறைதான் சாமானியருக்குக் கிடைக்காமல் இருந்தது.

தமிழ்நாட்டில் இதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் வருஷக்கணக்காக உதவி இயக்குநராக அலையாமலே படம் இயக்க வந்தார்கள். பாலாஜி மோகனின் ஒரு குறும்படம் யூடியூபில் ஓடிய ஓட்டத்தில் 2012ல் முழுநீளப் படமாகவே வெளிவந்தது. இங்கே பாதை வேறு மாதிரி போனது. 2008ல் சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ தமிழ் வசனத்தோடு எடுத்த ‘மை மேஜிக்’ கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போனது. சிங்கப்பூர்ப் படம் ஒன்று அந்தப் பிரிவுக்குத் தேர்வானது அதுவே முதல்முறை. 2016ல் கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பர்ட்’ அதே கானில் விமர்சகர் வாரம் என்ற பிரிவுக்குப் போனது. இரண்டிலும் நம் ஊர்த் தமிழ் முகங்கள் நடித்தார்கள், கோடம்பாக்கத்தின் சம்பந்தம் இல்லாமலே. சின்னப் படங்களுக்குப் பட விழா என்பது இன்னொரு வாசல் என்று நமக்குக் காட்டிய படங்கள் அவை.

அடுத்தது விநியோகம். இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பரவலாக்கம் என்ற பேச்சு சறுக்குவது இந்த இடத்தில்தான். பிலிம் பெட்டிக்குப் பதிலாக இப்போது தியேட்டருக்கு டிசிபி என்ற டிஜிட்டல் கோப்பு போகிறது. ஹார்ட் டிஸ்க்கில் போகலாம், இணையம் வழியாகவும் போகலாம். நாலு கிலோமீட்டர் பிலிமின் செலவு மிச்சம். ஆனால் கோப்பு பூட்டியே வரும். அதைத் திறக்க கேடிஎம் என்ற சாவியைத் தனியாக அனுப்புவார்கள். இந்தத் தியேட்டரின் இந்த சர்வரில் மட்டும், இந்த நாள் இந்த மணியிலிருந்து அந்த நாள் அந்த மணி வரைக்கும் மட்டும் அது வேலை செய்யும். படம் தியேட்டரில்தான் இருக்கிறது, முதல் காட்சிக்குக் கூட்டமும் நிற்கிறது, சாவி வரவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பைனான்ஸ் பாக்கி தீராமல் அதிகாலைக் காட்சி ரத்தாகும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் நிற்பது இந்தச் சாவிதான்.

2018 மார்ச் 1 அன்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் புதுப் பட வெளியீட்டை நிறுத்தியது. கியூப், யுஎஃப்ஓ போன்ற டிஜிட்டல் சேவை நிறுவனங்கள் ஒவ்வொரு திரைக்கும் வாங்கிய கட்டணம்தான் முக்கியப் பிரச்சினை. ஆறு வாரத்துக்கும் மேல் புதுத் தமிழ்ப் படம் வரவில்லை. தமிழ்நாட்டில் எழுந்த கட்டணத் தகராறு அங்கே ஓடும் படத்தை மட்டுமா நிறுத்தும்? கடல் கடந்து நமக்கு வரும் வரத்தும் சேர்ந்துதான் நின்றது. பிலிம் லேப் என்ற பழைய மையம் போய், சர்வரும் சாவியும் வைத்திருப்பவர் புது மையமாகியிருந்தார்.

இணையம் வழியாகப் படம் காட்டும் ஓடிடி தளங்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 2013ல் கமல்ஹாசன் தன் படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குக் கொடுக்க முயன்றபோது தியேட்டர்காரர்கள் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, கிருமிப்பரவல் நேரத்தில், 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வந்தது. தியேட்டரின் பிடி தளர்ந்தது நல்லதுதான். ஆனால் பிரைமோ, 2016 ஜனவரியில் இங்கே வந்த நெட்ஃபிளிக்ஸோ, பெயர் தெரியாத இயக்குநரின் முதல் தமிழ்ப் படத்தைத் தேடி வந்து வாங்குவதில்லை. நட்சத்திரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழாவில் பெயர் வாங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூர் இயக்குநர் இயோ சியூ ஹுவாவின் ‘எ லேண்ட் இமேஜின்ட்’ 2018ல் லொகார்னோ பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கிய பிறகுதான் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது.

சரி, யூடியூப்? அங்கே யாரும் தடுப்பதில்லை. தியேட்டரில் காட்ட வேண்டுமென்றால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம், எந்த வயதினர் பார்க்கலாம் என்ற வகைப்பாடு வாங்க வேண்டும், யூடியூபில் அந்த முன்வேலையும் இல்லை. விளம்பர வருமானத்துக்கு மட்டும் வாசல் உண்டு: 1,000 சந்தாதாரர், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, இல்லையென்றால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. அதற்கப்புறம் நீண்ட வீடியோ விளம்பரத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு. ஷார்ட்ஸில் 45 விழுக்காடு, அதுவும் எல்லாருடைய விளம்பரப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பாட்டுக்கான பங்கை ஒதுக்கிவிட்டுப் பிரிப்பது. இன்னொரு விஷயம், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பரக் காசு மாறும். மதுரையில் ஒருவர் பார்ப்பதற்கும் இங்கே ஈசூனில் ஒருவர் பார்ப்பதற்கும் ஒரே தொகை வராது. நமக்கு எண்ணிக்கை வருவது இந்தியாவிலிருந்து, நல்ல விலை வருவது இங்கிருந்து, இங்கேயோ ஆட்கள் குறைவு.

டிக்டாக்கில் நடந்ததையும் மறக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் தலைமையகங்களில் ஒன்று நம் ஊரில்தான் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு அதைத் தடை செய்தது. இங்கேயும் மலேசியாவிலும் தமிழில் வீடியோ போட்டு, தமிழ்நாட்டில் ரசிகர்களைச் சேர்த்தவர்களுக்கு அந்த ரசிகர்கள் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். அவர்களுடைய மின்னஞ்சலோ வேறு தொடர்போ கையில் இல்லை. எல்லாம் அந்த ஒரு செயலிக்குள்ளேயே இருந்தது. பார்வையாளரோடு உங்களுக்கென்று ஒரு நேரடித் தொடர்பு இருக்கட்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒரு மின்னஞ்சல் பட்டியல் போதும், வாட்ஸ்அப் குழுகூடப் பரவாயில்லை.

நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. 2010ல் இது 3.3 ஆக இருந்தது. இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் பேசுகிறார்கள். இவ்வளவு சின்ன கூட்டத்தை நம்பி எவரும் தொழில் நடத்த முடியாது. அதனால் இணையத்தில் தமிழ் வீடியோ போடும் நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பார்வையாளரை நோக்கித் திரும்புகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் திரும்பும்போதே பேச்சும் மாறிவிடுகிறது. ‘வெள்ளி’ ரூபாயாகிறது, ‘புளோக்’ அபார்ட்மெண்ட் ஆகிறது, ‘லா’ காணாமல் போகிறது. தேக்காவில் வளர்ந்த பையன் வடசென்னைப் பையன் மாதிரி பேசி நடிக்கிறான். அந்த வடசென்னைப் பேச்சை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இவனைவிட நூறு மடங்கு நன்றாகச் செய்கிறார்கள். அப்படியிருக்க இவன் வீடியோவை எதற்காகப் பார்ப்பார்கள்? எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதம் யாரையும் சென்னைத் தமிழ் பேசு என்று சொல்வதில்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து நாமாகவே அங்கே போய்ச் சேர்கிறோம். கோடம்பாக்கத்தின் வாசலில் நிற்காமலே கோடம்பாக்கத்துக்கு வேலை செய்வது மாதிரிதான் இது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015ல் வந்தது. மலேசியத் தோட்டப்புறத் தமிழர் கதை, பேச்சும் அவர்களுடையதே. மலேசியத் திரைப்பட விழாவில் நாட்டின் சிறந்த படம் என்ற விருதை வாங்கியது. தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ளாமலே அவர்கள் வெளியே போனார்கள். இசையில் நமக்கே ஒருவர் இருக்கிறார். வசந்தம் ஸ்டார் போட்டியில் வென்ற ஷபீர், ‘சகா’ படத்துக்காகக் குறுந்தொகையின் ‘யாயும் ஞாயும்’ வரிகளை வைத்து ஒரு பாட்டு போட்டார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள், யூடியூப் புண்ணியத்தில்.

வீட்டுத் திரை பெருகப் பெருக ஊரில் பொதுத் திரை குறைந்துகொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் த புரொஜெக்டர் என்ற திரையரங்கு மூடியது. சின்னப் படங்களுக்கு இந்த ஊரில் அதைவிட அன்பான திரை இருந்ததில்லை. அடுத்த மாதமே கேத்தே சினிபிளெக்ஸ் திரையரங்குகள் மொத்தமாக நின்றன. எனக்கு இது வெறும் வணிகச் செய்தி இல்லை. நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் கேள்வி கேட்பதில் கிடைப்பது நாலாயிரம் பார்வையில் கிடைக்காது. எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் எந்தக் காட்சியை வெட்ட வேண்டும் என்று தானாகத் தெரியும். ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் ஓல்டம் திரையரங்கு, மிடில் ரோடு ஆப்ஜெக்டிஃப்ஸ், சமூக மன்ற அரங்குகள் என்று இடம் இன்னும் இருக்கிறது. பொதுவில் காட்டினால் வகைப்பாட்டு விதிகள் பொருந்தும், அந்த வேலையை முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள். அதேபோல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் படம்பிடிக்க நகர மன்றத்தின் அனுமதி வேண்டும்.

காசு திரட்ட ஆப் வேண்டும் என்று நினைக்காதீர்கள். 1976ல் ‘மந்தன்’ படத்துக்கு குஜராத்தின் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 1986ல் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டிப் படம் எடுத்து, ஊர் ஊராகவே திரையிட்டது. முதலீடும் பார்வையாளரும் ஒரே ஆட்கள். இணையம் இதை எளிதாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். பிளாக்செயின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஒரு பதிவேடு அது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று பதிந்துவைக்கப் பயன்படலாம். பங்கு போட வருமானம் வர வேண்டுமே! அதை எந்தப் பதிவேடும் கொண்டுவராது. அதில் நேரம் போடாதீர்கள்.

உரிமை விஷயத்தில் மட்டும் நேரம் போடுங்கள். நம் 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த வருஷம் நவம்பர் 21ல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, யாராவது காசு கொடுத்து உங்களிடம் ஒரு படம் எடுக்கச் சொன்னால் பதிப்புரிமை தானாகக் காசு கொடுத்தவருக்குப் போய்விடும். இப்போது ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை படம், ஒலிப்பதிவு, புகைப்படம் ஆகியவற்றின் முதல் உரிமை உருவாக்கியவருக்கே. சம்பள வேலையில் எடுத்தது முதலாளிக்குத்தான், அது வேறு. ‘ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை’ என்ற பகுதியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில் நாலாவது, ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: எல்லா உரிமையும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இதுவரை தெரிந்த, இனிமேல் உருவாகக்கூடிய எல்லா ஊடகங்களிலும். அந்த ஒரு வரியில் சட்டம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். முழுசாக மறுக்க முடியாவிட்டால் காலத்தைக் குறையுங்கள், மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று. எடிட் செய்யாத மூலக் காட்சிகள் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஏஐ குறித்தும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024ல் ஏ.ஆர். ரகுமான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏஐ வழியாக ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தார். அப்படித்தான் செய்ய வேண்டும். நம் சட்டத்திலோ கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்கு ஒரு விலக்கு உண்டு. முறையாக அணுகக் கிடைத்த படைப்பை அதற்காகப் பிரதியெடுக்கலாம், ஒப்பந்தம் போட்டும் அதைத் தடுக்க முடியாது. உங்கள் படம் ஓர் ஏஐ மென்பொருளைப் பயிற்றுவிக்கப் போகலாம் என்று தெரிந்தே வெளியிடுங்கள். அதே சமயம் திரையில் வசன வரி (சப்டைட்டில்) போடுவது, இரைச்சல் நீக்குவது, மொழிபெயர்ப்பின் முதல் வரைவு ஆகிய வேலைகளில் ஏஐ உண்மையிலேயே ஆள்பலம் இல்லாதவர்களுக்குத் துணை. வசன வரியை மட்டும் கடைசியில் நீங்களே உட்கார்ந்து திருத்துங்கள். நம் பேச்சுத் தமிழை அது இன்னும் கோட்டைவிடுகிறது.

தாக்குப்பிடிக்க முடியுமா என்றால், படத்தை மட்டும் நம்பி முடியாது. எனக்குத் தெரிந்து இங்கே தமிழில் நல்ல படம் எடுப்பவர்கள் திருமண வீடியோ, நிறுவன வீடியோ, பாடம் நடத்துவது, வசந்தத்துக்கு நாடகம் என்று எதையாவது சேர்த்தே செய்கிறார்கள். வசந்தத்தை ஒதுக்க வேண்டாம். பொதுநிதியில் தமிழுக்குத் தொடர்ந்து கூலி கொடுக்கும் இடம் இங்கே வேறு இல்லை, ஒழுங்காக நேரத்துக்கு வேலை முடிக்கவும் அங்கே கற்றுக்கொள்வீர்கள். கோடம்பாக்கத்திலிருந்து அழைப்பு வந்தாலும் போய்ப் பாருங்கள். எங்கே ஒத்துக்கொண்டாலும், உங்கள் சொந்தப் படத்துக்கான நாட்கள் எவை என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.